வடசென்னையில் வீட்டு முற்றத்தை உணவுத் தோட்டமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்மாகல்ச்சர் என்பது இயற்கை விவசாயத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றிப் பயிர் செய்வது இயற்கை விவசாயம். பெர்மாகல்ச்சர் அதற்கு ஒரு படி முன்பே தொடங்குகிறது. எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும், கூரையில் விழும் மழை எந்த வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும், சமையலறைக் கழிவு எத்தனை அடி நடந்தால் எருக்குழியைச் சேரும் என்பன போன்ற இட அமைப்புக் கேள்விகளே அதன் அடிப்படை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970-களில் இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார்கள். கிணற்றடியில் வாழையும் சேம்பும், அடுக்களை வாசலில் கருவேப்பிலையும், வேலியில் முருங்கையும் வைத்திருந்த நம் புழக்கடைகளில் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது. எனவே இங்கே புதிதாகக் கற்பதைவிட மறந்ததை மீட்பதே அதிகம். ஆனால் வடசென்னையின் மண்ணும் நீரும் அந்தப் புழக்கடைக் காலத்தில் இருந்தவை போல் இப்போது இல்லை. இந்தப் பக்கத்தில் செடிகளைவிடத் தண்ணீரைப் பற்றியே அதிகம் பேசுவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் வீட்டைச் சுற்றி அரை கிரவுண்டுகூடக் காலி இடம் இல்லை. இது போதுமா?

போதும். பழைய வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள பின்கட்டு கிடைத்தாலே அதைப் பெரிய இடம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கீரையில் பெரும்பங்கு, கருவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கைக்கீரை, அவ்வப்போது ஒரு வாழைத்தார், ஒரு பருவத்துக்குரிய கொடிக்காய்கள் ஆகியவற்றை அந்த அளவு இடத்தில் எதிர்பார்க்கலாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஆண்டு முழுவதும் தக்காளி ஆகியவற்றை எதிர்பார்க்க முடியாது. காய்கறிக் கடைக்கே போகத் தேவையில்லை என்று ஆசை காட்டும் காணொளிகள் பெரும்பாலும் வேறு மண்ணிலும் வேறு மழையிலும் எடுக்கப்பட்டவை.

முதலில் எந்தச் செடியை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு பெருமழையின்போது முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதை நின்று பார்த்துக் குறித்து வையுங்கள். சித்திரை வெயிலில் எந்தச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்து வீட்டில் இரண்டு மாடி எழும்பியிருந்தால், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும்போது உங்கள் முற்றத்தில் நான்கு மணி நேர வெயில்கூட விழாமல் போகலாம். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைகளுக்கு நான்கு போதும். மஞ்சள், இஞ்சி, சேம்பு, வல்லாரை ஆகியவை அரை நிழலிலேயே நன்றாக வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் நாற்றுப் பண்ணையில் வீணாகும் பணம் பெருமளவு மிஞ்சும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

வடசென்னையில் தோட்டம் போடுவோர் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் கேள்வி இதுதான். மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீர் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. கரையை ஒட்டிய எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பகுதிகளில் உப்புநீர் புதிய செய்தி அல்ல. நாக்கில் வைத்துச் சொல்வதைவிட நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி அளப்பது நல்லது. ஒரு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 450-க்கும் 2,000-க்கும் இடையில் இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுத்து நட வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு நம்ப வேண்டாம். கோடையில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் அளந்து பாருங்கள்; மழைக்குப் பிறகு அளவு இறங்கியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

உப்பு ஏறிய பாத்தியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். காலையில் தண்ணீர் விட்ட இடத்தின் ஓரம் மாலையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்; விரலால் தேய்த்தால் மாவு போல் ஒட்டும். அவரைச் செடியின் இலை நுனியிலிருந்து பழுப்பு நிறம் ஓரமாகவே உள்ளே இறங்கும், இலையின் நடுப்பகுதி மட்டும் பச்சையாக இருக்கும். இதைப் பார்த்தவுடன் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுபவர்கள் உண்டு. உரமும் ஒருவகை உப்புதான் என்பதால் நிலைமை மேலும் கெடும். செய்ய வேண்டியது, மண்ணை மூடாக்கால் (மண்மேல் பரப்பும் சருகு, சக்கை போன்றவற்றால்) மூடி ஆவியாதலைக் குறைப்பதும், வடகிழக்குப் பருவமழையில் நல்ல தண்ணீர் அந்தப் பாத்தி வழியாகவே கீழிறங்கும்படி விடுவதும்தான். ஆண்டுக்கு ஒரு முறை மழை அந்த உப்பைக் கழுவித் தர வேண்டும்.

பயிர்த் தேர்வைப் பொறுத்தவரை தென்னை, சப்போட்டா, இலந்தை ஆகியவை உப்பை நன்றாகவே தாங்கும். கொய்யாவும் தட்டைப்பயறும் ஓரளவு தாங்கும். எலுமிச்சை, அவரை, வாழை, பப்பாளி ஆகியவை தாங்காது. வாழையை உப்புநீரில் வளர்த்து மெலிந்த தார் பார்த்தவர்கள் ரகத்தைக் குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். பழுது ரகத்தில் இல்லை.

மழைநீரைச் சேமித்துத் தோட்டத்தை நடத்த முடியுமா?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 60,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது; தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படுவது பங்குனியிலிருந்து ஆனி வரை. அவ்வளவையும் தொட்டியில் பிடித்து வைப்பது நடவாத காரியம். 1,000 லிட்டர் பீப்பாய் ஒன்றை நாற்றுகளுக்காக வைத்துக்கொண்டு, மீதியை மண்ணுக்கு அனுப்புவதே சரி. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்கும். அது தூர்ந்துபோய் மேலே சிமெண்ட் மூடி மட்டும் மிஞ்சியிருக்கவும் கூடும். புரட்டாசிக்குள் அதைத் திறந்து, அடியில் படிந்த சேற்றை எடுத்து, கூழாங்கல்லைக் கழுவிப் போடுவது இந்தத் தோட்டத்தின் முதல் வேலை.

குளியலறை, சமையலறைத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

குளித்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. அதைச் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும், ஒரு நாள் தாண்டினால் நாற்றம் எடுக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீரில் சோடியம் மிகுதியாக இருப்பதால், ஏற்கெனவே உப்பேறிய நம் மண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். குளிப்பதற்கே உப்பு போர் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இந்த யோசனையை முழுவதுமாகக் கைவிடலாம். அரிசியும் பருப்பும் கழுவிய நீர் எந்தச் செடிக்கும் ஏற்றது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீர்? ஏ.சி. நீர்?

முன்னது உள்ளே போன உப்பு முழுவதையும் சுமந்து வருவது, செடிக்கு ஆகாது. பின்னது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது என்பதால் உப்பே இல்லாதது, தாராளமாக ஊற்றலாம்.

மணலிக்கும் எண்ணூருக்கும் அருகில் குடியிருக்கிறோம். வீட்டில் விளைந்த கீரையைச் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்ள வேண்டும். சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையச் சாம்பலும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் சூழ்ந்த பகுதி இது. 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அவ்வாறு எண்ணெய்ப் படலம் ஏறிய மண்ணில் உண்ணும் பயிர் வைக்கக் கூடாது. மேல் மண்ணை நீக்கி, வேறு மண்ணில் உயர்த்திய பாத்தி அமைப்பதே வழி.

மற்ற இடங்களில் கவலைப்பட வேண்டியது முக்கியமாக ஈயம் போன்ற கன உலோகங்களைப் பற்றித்தான். அவை ஆலைப் புகையால் மட்டும் வருவதில்லை. பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரடி, முன்பு பேட்டரி அல்லது இரும்புக்கடை இருந்த மனை, குப்பை எரித்து வந்த மூலை ஆகியவையே கூடுதல் ஐயத்துக்குரிய இடங்கள். உலோகம் கலந்த மண்ணில் கீரைகளும் கிழங்குகளும் அதிகமாகவும், காய்களும் பழங்களும் குறைவாகவும் அதை ஏற்கின்றன. எனவே ஐயமுள்ள மண்ணில் முருங்கைக்காய், கொய்யா, பீர்க்கு, புடலை போன்றவற்றை வைத்து, கீரையைத் தொட்டியிலோ ஒன்றரை அடி உயரச் செங்கல் பாத்தியிலோ புதிய மண்கலவையில் வளர்க்கலாம். மண்ணில் மக்கு (மக்கிய இலைதழையும் எருவும்) அதிகமாக இருந்தால் உலோகம் அதோடு பிணைந்து வேருக்கு எளிதில் கிடைக்காது. இலைமேல் படியும் தூசியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது கட்டாயம். ஆய்வகத்தில் மண்ணைக் கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்துகளை மட்டும் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை போதாது என்பதையும், கன உலோகப் பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் மண் வெறும் கடற்கரை மணல். செம்மண் லோடு இறக்க வேண்டுமா?

வேண்டாம். யாரோ ஒருவருடைய நிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டி நம் முற்றத்தில் கொட்டுவது பெர்மாகல்ச்சரின் நோக்கத்துக்கே முரண். மணலின் குறை, நீரையும் சத்தையும் பிடித்து வைக்காதது. அதற்கு மருந்து மக்குதான். திருவொற்றியூர் மணலில் மூடாக்கைத் தொடர்ந்து போட்டு வந்தால், ஓரிரு ஆண்டுகளில் மேல் நான்கு விரற்கிடை மண் நிறம் மாறிக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலிப் பக்கத்துக் களிமண்ணுக்குக் குறை நேரெதிரானது: மழையில் வேர் மூச்சுத் திணறும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்கும் மக்குதான் மருந்து என்றாலும், அங்கே பாத்தியை ஓரடி உயர்த்தி அமைப்பதையும் சேர்க்க வேண்டும். அடுப்புச் சாம்பலை வாரி இறைக்கும் பழக்கத்தை இங்கே கைவிடுவது நல்லது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது இலை வெளுப்பை இன்னும் கூட்டும்.

முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்டிருக்கிறது. என்ன செய்வது?

மதிற்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுங்கள். வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி உடைக்க வேண்டாம். உடைத்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கியே பாத்தியின் கரையைக் கட்டலாம்.

மூடாக்குக்கும் எருவுக்கும் இவ்வளவு பொருள் நகரத்தில் எங்கே கிடைக்கும்?

கிராமத்தைவிட நகரத்தில்தான் எளிதாகக் கிடைக்கும், அதுவும் இலவசமாக. கரும்புச்சாறு வண்டியின் சக்கை, இளநீர்க் கடையின் மட்டை, கோயிலில் கழிக்கும் மாலைகள், திருமண மண்டப வாசலில் வெட்டி வீசப்படும் வாழைமரம், தெருவில் பெருக்கிக் குவித்த சருகு ஆகிய எல்லாமே இந்தத் தோட்டத்தின் மூலப்பொருள். மாலையில் உள்ள நாரையும் ஜிகினாவையும் பிரித்தெடுத்துவிட்டுப் போடுங்கள். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மாடு வளர்ப்போரிடம் சாணம் கேட்டால் மறுப்பவர் குறைவு. தச்சுப் பட்டறைத் தூளில் பிளைவுட் தூள் கலந்திருந்தால் எடுக்க வேண்டாம். தேங்காய் நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்தினால் அதிலும் உப்பு உண்டு.

மூடாக்கை மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எருக்குழியில் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு சேர்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒரு சொட்டு தெரிய வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

காசிமேட்டு மீன் கழிவைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் நிழலில் மூன்று நான்கு வாரங்கள் வைத்தால் மீன் அமிலம் தயாராகும். பழ வாசனை வந்தால் சரியாக வந்திருக்கிறது. அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் குறைந்துவிட்டது. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவையும் ஐஸ் பெட்டியில் வடியும் உப்பு நீரையும் சேர்க்கக் கூடாது. மீன் தலையை நேராக மண்ணில் புதைத்தால் அன்றிரவே பூனையோ பெருச்சாளியோ தோண்டிவிடும்.

எந்த மரங்களை வைக்கலாம்?

சிறிய முற்றத்தில் ஒரு மரத்துக்கு மேல் பெரிய மரம் வேண்டாம். மா, பலா மீது ஆசை இருந்தாலும் வடசென்னையின் நெருக்கமான மனைகளில் அவை ஐந்தாறு ஆண்டுகளில் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலில் முடியும். முருங்கை, கருவேப்பிலை, கொய்யா, பப்பாளி, வாழை ஆகியவை போதும்; தண்ணீர் உப்பாக இருந்தால் சப்போட்டா. முருங்கையை மதிலிலிருந்து ஆறடியாவது தள்ளி நட்டு, இடுப்பளவில் வெட்டி வெட்டிக் கிளை பரப்ப விட்டால் கீரையைக் கையால் பறிக்கலாம்.

மரத்தின் கீழே அடுக்குகளாக நிரப்புவதில்தான் பெர்மாகல்ச்சரின் சுவையே இருக்கிறது. கொய்யாவுக்குக் கீழே தவசிக்கீரையும் மணத்தக்காளியும், அவற்றுக்குக் கீழே பொன்னாங்கண்ணியும் வல்லாரையும், மண்ணுக்குள் மஞ்சளும் சேனையும், மதிலில் பிரண்டையும் கொடிப்பசலையும், பந்தலில் புடலையும் என்று ஒரே இடத்தில் பத்து வகை நிற்கும். தவசிக்கீரையைச் சமைத்து மட்டுமே உண்ண வேண்டும். எடை குறைப்பதற்கென்று பச்சைச் சாறாகக் குடித்தவர்களுக்குத் தைவானில் கடுமையான நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது.

வாழை வட்டம் எவ்வாறு அமைப்பது?

வாழை வட்டம் என்பது நடுவில் கழிவு மக்கும் குழியும் அதைச் சுற்றிய கரையில் வாழையும் உள்ள அமைப்பு. குழிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். இங்கே நிலத்தடி நீர் மேலே இருக்கும் தெருக்களில், மழைக்காலத்தில் அவ்வளவு ஆழத்தில் ஊற்று எடுத்துக் குழி குட்டையாகிவிடும். எனவே அகலத்தைக் குறைத்து, ஒன்றரை அடி மட்டும் தோண்டி, எடுத்த மண்ணால் சுற்றிலும் கரையை உயர்த்தி அதன்மேல் மூன்று கன்றுகளும் இடையில் சேம்பும் நடுங்கள். குழிக்குள் மட்டை, சருகு, வெட்டிய வாழைத்தண்டு ஆகியவற்றை மேடாக நிரப்ப வேண்டும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது சென்னைக்கும் பொருந்தும். வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பூசணி, அவரை ஆகியவற்றை அப்போது போட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் விதை போடுவது வீண், நாற்று அழுகும். தைப்பட்டத்தில் கீரை, தக்காளி, முள்ளங்கி சிறப்பாக வரும். மஞ்சளையும் சேனையையும் வைகாசி, ஆனியில் புதைத்தால் பொங்கல் வாக்கில் எடுக்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருப்பவற்றுக்கு நிழல்வலை கட்டிக் காப்பாற்றினால் போதும்.

கொசுவும் பெருச்சாளியும் பெருகாதா?

டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி, இளநீர் மட்டை ஆகியவற்றில் வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். மழைநீர்ப் பீப்பாயின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். பெருச்சாளி வருவது சோற்றுக்கும் எலும்புக்கும்தான். சமைத்த உணவை எருக்குழியில் போடாமல், குழியின் அடியிலும் பக்கங்களிலும் அரை அங்குலக் கம்பிவலை பதித்தால் தொல்லை பெரிதும் குறையும்.

பூச்சிக்கு எதைத் தெளிப்பது?

பெரும்பாலும் எதையும் தெளிக்க வேண்டியதில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பகுதியில் முதலில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகம் முழுவதும் நாசம் செய்தது. பூச்சிக்கொல்லிகளால் அடங்காத அதை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் கட்டுக்குள் கொண்டுவந்தன. இன்றும் நம் பப்பாளியைக் காப்பது அவைதான். நாம் அவசரப்பட்டுத் தெளிக்கும் மருந்தில் முதலில் சாவதும் அவைதான். தாங்க முடியாத அளவு வந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

முருங்கைக் கம்பளிப்புழு தனி விவகாரம். மழைக்காலத்தில் அவை பகலில் அடிமரத்தில் சாம்பல் நிறக் கம்பளித் திட்டாக ஒன்றன்மேல் ஒன்று அடைந்திருக்கும். அருகே போனால் திட்டு முழுவதும் ஒருசேர அசையும். தீப்பந்தம் காட்டுவது நம் பக்கத்து வழக்கம். அது பட்டையையும் கருக்கும். நீண்ட துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளுவதே மேல். முடி பட்டால் தோல் தடித்துவிடும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

புயலுக்கு எப்படித் தயாராவது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தின் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புரட்டாசியிலேயே முருங்கையைக் கழியுங்கள், தார் விட்ட வாழைக்கு முட்டுக் கொடுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் பந்தலின் வலையை அவிழ்த்துவிடுங்கள். பப்பாளி விழுந்தால் விழட்டும்; காயைக் கூட்டு வைத்துவிட்டு, தண்டைத் துண்டாக்கிக் குழியில் போட்டு, வேறு கன்று வைக்கலாம்.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. இத்தனை உழைப்பு எதற்கு?

மரம் வைக்காமல், ஆண்டுக்குள் பலன் தருபவற்றை மட்டும் வையுங்கள். கருவேப்பிலை, பிரண்டை, தூதுவளை, கற்பூரவல்லி ஆகியவற்றைத் தொட்டியில் வளர்த்தால் வீடு மாறும்போது வண்டியில் ஏற்றலாம். சிமெண்டை உடைப்பதற்கும் வாழை வைப்பதற்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது முதல் பறிப்புக் கீரையில் ஒரு கட்டைக் கையோடு கொண்டு போனால் பேச்சு எளிதாக இருக்கும். பாத்தியில் சேர்ந்த நல்ல மண்ணையும் மூட்டையில் அள்ளிக்கொண்டு போகலாம். வாடகை ஒப்பந்தம் எதுவும் நாம் செய்த எருவைப் பற்றிப் பேசுவதில்லை.